தொலைவும் இழப்பும்: ஆய்வுக் கணினிக் கிரிட்டுகளில் பிணையத் தர ஒப்பந்தங்கள்

கணினிக் கிரிட் என்று எதைச் சொல்லலாம் என்ற விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்த 2002ஆம் ஆண்டில், அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான இயன் ஃபாஸ்டர் அதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தார். ஒரே தலைமைக்கு உட்படாத கணினி வளங்களை அது ஒருங்கிணைக்க வேண்டும். திறந்த, பொதுவான நெறிமுறைகளைக் கொண்டு அதைச் செய்ய வேண்டும். அதன் பயனாகப் பொருட்படுத்தத்தக்க சேவைத் தரம் பயனருக்குக் கிடைக்க வேண்டும் என்பவை அவை. இவற்றுள் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே தீராத இழுபறி ஒன்று உண்டு. தலைமை ஒன்று இல்லாத இடத்தில் தரத்துக்கு உறுதி கேட்பது யாரிடம்? உறுதி பொய்த்தால் முறையிடுவது எங்கே? கிரிட்டின் மையங்களை இணைக்கும் பிணையத்தைப் பொறுத்தவரை இக்கேள்விகளுக்கு இருபது ஆண்டுகளாகத் தேடப்பட்டு வந்துள்ள விடைகளையும், அவற்றில் இன்னும் அடைபடாத ஓர் இடைவெளியையும் பற்றியதே இவ்வுரை.

சேவைத் தர ஒப்பந்தம் என்பது, சேவை தருபவர் எந்த அளவுக்குக் குறையாத தரத்தைத் தருவார், அத்தரம் எவ்வாறு அளக்கப்படும், குறைந்தால் யார் எவ்வளவு நேரத்தில் என்ன செய்வார் என்பவற்றை எண்களோடு எழுதிவைக்கும் ஆவணம். வணிக உலகில் அதற்குப் பின்னால் பணம் நிற்கிறது. தரம் குறைந்த மாதத்துக்குக் கட்டணக் கழிவு கிடைக்கும். ஆய்வுலகிலோ, பிணையத்தை நடத்துவதும் பொதுப்பணம், பயன்படுத்துவதும் பொதுப்பணம் என்பதால் அபராதம் என்பதற்குப் பெரிதாகப் பொருளில்லை. அபராதம் இல்லாத ஒப்பந்தம் வெறும் நல்லெண்ணப் பத்திரம்தானே என்ற ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்தைச் சோதித்துப் பார்க்க மிகப் பொருத்தமான இடம், ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவிக்காகக் கட்டப்பட்ட உலகளாவிய கிரிட்.

அந்தக் கிரிட் அடுக்குகளாக அமைந்தது. சுழியம் அடுக்கு செர்ன். மோதல்களில் பிறக்கும் மூலத் தரவு அங்கே பதிவாகி, முதல் அடுக்கு மையங்களுக்குப் பகிரப்படும். லியோன், கார்ல்ஸ்ரூயே, போலோன்யா, பார்சிலோனா, வான்கூவர், தைபே முதலிய இடங்களில் தொடக்கத்தில் 11 முதல் அடுக்கு மையங்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் இரண்டாம் அடுக்கு மையங்கள் பரவின. இன்று 40க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 மையங்கள் இதில் உள்ளன. செர்னிலிருந்து முதல் அடுக்கு மையங்களுக்கு விநாடிக்கு 10 கிகாபிட் கொள்ளளவுள்ள தனி ஒளியிழைத் தடங்கள் அமைக்கப்பட்டன. அந்தத் தடத்தை ஏற்பாடு செய்யும் பொறுப்பு அந்தந்த முதல் அடுக்கு மையத்தையே சார்ந்தது.

பங்கேற்கும் நாடுகளுக்காக 2005இல் எழுதப்பட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் பின்னிணைப்பு ஒன்று, ஒவ்வோர் அடுக்கும் தரவேண்டிய குறைந்தபட்சச் சேவைத் தரத்தை அட்டவணையாகத் தருகிறது. மோதுவி இயங்கும் காலத்தில் சுழியம் அடுக்குடன் இணைக்கும் பிணையச் சேவை முற்றிலும் நின்றுபோனால், முதல் அடுக்கு மையம் 12 மணி நேரத்துக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும். சேவை பாதிக்கு மேல் குன்றினால் 24 மணி நேரம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குன்றினால் 48 மணி நேரம். ஆண்டுச் சராசரியாக 98% நேரம் அச்சேவை கிடைக்க வேண்டும். சுழியம் அடுக்கின் பக்கத்தில் இதே சேவைக்கான வரம்புகள் முறையே 6, 6, 12 மணி நேரம்; கிடைப்பு 99%. இரண்டாம் அடுக்குக்குப் போதுமானது 95%.

இந்த மணிக்கணக்கு, பழுதைச் சரிசெய்து முடிப்பதற்கான கெடு அன்று. சரிசெய்யும் வேலையைத் தொடங்குவதற்கான கெடு மட்டுமே. முடிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகலாம் என்பது விழுக்காட்டின் வழியாக மறைமுகமாகவே கட்டுப்படுகிறது என்பதை ஆவணமே ஒப்புக்கொள்கிறது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம் எனக் கொண்டால், 98% என்பது 175 மணி நேர முடக்கத்துக்கு இடம் தருகிறது. அது ஒரே மூச்சில் ஏழு நாட்களாக வந்தாலும், நாள்தோறும் அரைமணிக்குச் சற்றுக் குறைவாக வந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஆய்வாளருக்கு அது ஒன்றன்று. ஆழ்கடல் கேபிளைப் பழுதுபார்க்கும் கப்பல் எப்போது வந்து சேரும் என்று எந்த மையத்தாலும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பழுதை யார், எப்போது கையிலெடுத்தார் என்பதற்கு எல்லா மையத்தாலும் பதில் சொல்ல முடியும். தன்னால் காக்க இயலும் வாக்கை மட்டுமே கொடுத்தது என்பதால் அந்த அட்டவணை நேர்மையானது.

நேர்மையானது என்றாலும் அது முழுமையானதன்று. அட்டவணை பேசுவது மணிகளையும் விழுக்காடுகளையும்தான். தடம் திறந்திருக்கிறதா என்று அது கேட்கிறது. திறந்திருக்கும் தடத்தில் தரவு எவ்வாறு போய்ச் சேர்கிறது என்று கேட்பதில்லை.

பிணையத்தின் தரம் என்பது நான்கு அளவுகளாகப் பிரித்துப் பேசப்படுகிறது. தரவு சிறுசிறு பொதிகளாக வெட்டப்பட்டு அனுப்பப்படுவதால், ஒரு பொதி மறுமுனையை அடைய எடுக்கும் நேரம் தாமதம். அடுத்தடுத்த பொதிகளின் தாமதத்தில் காணும் வேறுபாடு தாமத ஏற்ற இறக்கம். போய்ச் சேராத பொதிகளின் விகிதம் பொதியிழப்பு. ஒரு விநாடியில் உண்மையாகவே கடந்துசெல்லும் தரவின் அளவு கடத்து வேகம். இவற்றில் தாமதத்தின் ஒரு பகுதியை எந்த ஒப்பந்தமும் தொட முடியாது. ஒளியிழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. வேகத்தில்தான் செல்லும், ஆகவே ஒவ்வோர் 1,000 கி.மீ.க்கும் போய்வர 10 மில்லிவிநாடி என்பது இயற்கை விதித்த கட்டணம்.

எந்தப் பயன்பாட்டுக்கு எந்த அளவு முக்கியம் என்பதில்தான் வணிகப் பிணையமும் ஆய்வுப் பிணையமும் பிரிகின்றன. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2002இல் முதன்முதலாக ஏற்ற ஒய்.1541 என்னும் பரிந்துரை, பிணையச் சேவைகளை வகுப்புகளாகப் பிரித்து வரம்புகளை விதித்தது. உரையாடல் போன்ற நேரடிப் பயன்பாடுகளுக்கான மிக உயர்ந்த வகுப்பில் தாமத வரம்பு 100 மில்லிவிநாடி. பொதியிழப்பு ஆயிரத்தில் ஒன்று வரை போகலாம். ஆயிரத்தில் ஒரு பொதி தவறினால் தொலைபேசியில் பேசுபவரின் காது அதைக் கவனிக்காது. அதே தடத்தில் ஒரு டெராபைட் ஆய்வுத் தரவை அனுப்பினால் நடப்பது வேறு.

இணையத்தில் தரவைப் பிழையின்றிக் கொண்டுசேர்க்கும் டி.சி.பி. என்னும் நெறிமுறை, ஒரு பொதி தவறினாலே வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு போய்வரும் சுற்றுக்கும் சிறிது சிறிதாகவே வேகத்தைக் கூட்டும். சுற்று நீளமானால் மீண்டெழுவதும் மெதுவாகும். மேதிஸ், செம்கே, மஹ்தவி, ஓட் ஆகிய நால்வர் 1997இல் இதைச் சிறிய சூத்திரமாக்கினர்: எட்டக்கூடிய வேகம், பொதியின் அளவுக்கு நேர்விகிதத்திலும், போய்வரும் நேரத்துக்கும் இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கும் எதிர்விகிதத்திலும் அமையும். வழக்கமான 1,460 பைட் பொதி, 100 மில்லிவிநாடி சுற்று, ஆயிரத்தில் ஒன்று இழப்பு என்று இட்டுப் பார்த்தால் கிடைப்பது விநாடிக்கு ஏறத்தாழ 3.7 மெகாபிட். தடத்தின் கொள்ளளவு 10 கிகாபிட்டாக இருந்தாலும் விடை மாறாது. அந்த வேகத்தில் ஒரு டெராபைட் போய்ச் சேர 25 நாட்கள் ஆகும். ஒப்பந்தம் எழுத்துக்கு எழுத்துக் காக்கப்பட்டிருக்கும், ஆய்வு நின்றிருக்கும்.

இச்சூத்திரம் பழைய டி.சி.பி.யின் ஒற்றை ஓடைக்கு உரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னர் வந்த கியூபிக், பி.பி.ஆர். முதலிய வகைகள் இழப்பைச் சற்று நன்றாகத் தாங்குகின்றன. கிரிட்ஃப்டிபி போன்ற மென்பொருள்கள் ஒரே கோப்பைப் பல இணை ஓடைகளாகப் பிரித்து அனுப்பி இழப்பின் தாக்கத்தை மழுங்கச் செய்கின்றன. இவை நல்ல உத்திகள். ஆனால் இணை ஓடைகள் பழுதைக் குணப்படுத்துவதில்லை, மூடிமறைக்கின்றன. வேகம் ஓரளவு கிடைப்பதால் யாரும் முறையிடுவதில்லை, முறையீடு இல்லாததால் தடத்தில் உள்ள குறையை யாரும் தேடுவதுமில்லை.

அத்தகைய குறை எவ்வளவு சிறியதாக இருக்கும் என்பதற்கு, அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வுப் பிணையமான ஈஎஸ்நெட்டைச் சேர்ந்த பொறியாளர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று தெளிவான சான்று தருகிறது. 10 கிகாபிட் ரவுட்டர் ஒன்றின் லைன் கார்டு பழுதடைந்து, 22,000 பொதிகளில் ஒன்றைத் தவறவிட்டுக்கொண்டிருந்தது, விழுக்காட்டில் 0.0046. ரவுட்டரின் சொந்தப் பிழைக் கண்காணிப்பு அதைப் பதிவு செய்யவில்லை. இரு முனைகளுக்கிடையே சோதனைப் பொதிகளை இடையறாமல் அனுப்பி எண்ணிக்கொண்டிருந்த ஓவாம்ப் என்னும் கருவியே அதைக் காட்டிக்கொடுத்தது.

இக்கருவியின் வேலையை அருகிலிருந்து பார்ப்பது பயனுள்ளது. அது வழக்கமாக விநாடிக்கு 10 பொதிகளை, ஒவ்வொன்றிலும் புறப்பட்ட நேரத்தைக் குறித்து அனுப்புகிறது. மறுமுனை வந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 600 பொதிகளில் எத்தனை வரவில்லை என்று ஒரு வரி எழுதப்படுகிறது. இரு முனைகளின் கடிகாரங்களும் மிக நெருக்கமாக ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் பொதி புறப்படுவதற்கு முன்பே வந்து சேர்ந்ததாகக்கூடக் கணக்குக் காட்டும். மேற்சொன்ன லைன் கார்டைப் போன்ற பழுது உள்ள தடத்தில் பதிவேடு எப்படித் தோன்றும்? சுழியம், சுழியம், சுழியம் என்று வரி வரியாகப் போய், சராசரியாக 37 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு ‘1’ தலைகாட்டும். அதை மாதச் சராசரியாக்கி, இரண்டு தசம இலக்கங்களோடு அறிக்கையில் அச்சிட்டால் இழப்பு ‘0.00%’ என்றே வரும். பொய் எதுவும் எழுதப்படாமலே உண்மை காணாமல் போய்விடும். ஆய்வுப் பிணையத்துக்கான ஒப்பந்தத்தில் மாதச் சராசரி என்ற சொல் இடம்பெறவே கூடாது என்று வலியுறுத்த இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

அடுத்த சிக்கல் உடைமை பற்றியது. போலோன்யாவிலுள்ள மையத்திலிருந்து கார்ல்ஸ்ரூயே மையத்துக்குப் பொது ஆய்வுப் பிணையத்தின் வழியே ஒரு கோப்புப் போவதானால், அது முதலில் போலோன்யா மையத்தின் உள்பிணையம், பிறகு இத்தாலியின் கார், ஐரோப்பாவின் தேசிய ஆய்வுப் பிணையங்களை எல்லாம் இணைக்கும் ஜேயான், ஜெர்மனியின் டி.எஃப்.என்., கடைசியாகக் கார்ல்ஸ்ரூயே மையத்தின் உள்பிணையம் என ஐந்து நிர்வாகங்களைக் கடக்கிறது. ஒவ்வொருவரும் 99.5% உறுதி கொடுத்து, பழுதுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நிகழ்வதாகக் கொண்டால், முனையிலிருந்து முனைக்குக் கிடைப்பது 97.5% மட்டுமே. தனித்தனியே பார்த்தால் ஆண்டுக்கு 44 மணி நேர முடக்கம். சேர்த்துப் பார்த்தால் ஒன்பது நாட்கள். ஐவரும் தத்தம் வாக்கைக் காத்திருப்பார்கள். தாமதச் சராசரிகளைக் கூட்டிவிடலாம். சிறிய இழப்புகளையும் ஏறத்தாழக் கூட்டிவிடலாம். தாமத ஏற்ற இறக்கத்தை அவ்வாறு நேராகக் கூட்ட முடியாது. பொதியின் உச்ச அளவோ கூட்டலுக்கே உட்படாதது: நால்வர் 9,000 பைட் பொதியை அனுமதித்து ஒருவர் மட்டும் 1,500 பைட்டில் நிறுத்தினால், முழுத் தடத்துக்கும் அந்த ஒருவரின் எல்லையே எல்லை. இந்த எளிய விவரத்தைக்கூடக் குறிப்பிடாத ஒப்பந்தம் அரைகுறையானது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2004 முதல் 2010 வரை மூன்று கட்டங்களாக நடந்த ஈஜீ திட்டம் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது. வழியிலுள்ள ஒவ்வொரு நிர்வாகத்தின் ஒப்பந்தத்தையும் தொகுத்து, முனைக்கு முனை ஒரே ஒப்பந்தமாக்குவதும், அதில் யாரை எப்போது அழைப்பது என்ற நிர்வாகப் பகுதியையும் என்ன தரம் என்ற தொழில்நுட்பப் பகுதியையும் பிரித்து எழுதுவதும் அதன் அணுகுமுறை. லியோனில் அமைக்கப்பட்ட அதன் பிணைய இயக்க மையம், பல நாட்டுப் பிணையங்கள் பல வடிவங்களில் அனுப்பும் பழுது அறிவிப்புகளைத் திரட்டி, எந்தப் பழுதால் எந்தக் கிரிட் மையம் பாதிக்கப்படும் என்று பொருத்திப் பார்க்கும் பொறுமையான வேலையைச் செய்தது. வெளிச்சத்துக்கு வராத இத்தகைய உழைப்பின் மேல்தான் பெரிய கண்டுபிடிப்புகள் நிற்கின்றன என்பதை அறிவியல் வரலாறு எழுதுபவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

உறுதியான தரத்தைத் தொழில்நுட்பத்தாலேயே விளைவிக்கும் முயற்சியும் அக்காலத்தில் நடந்தது. பொதிகளின் தலைப்பில் ஒரு குறியை இட்டு, குறியிட்டவற்றுக்கு ஒவ்வொரு ரவுட்டரிலும் முன்னுரிமை தரும் முறை 1998இல் இணையத் தரநிலையாக வடிவம் பெற்றது. அதன்மேல் எழுப்பப்பட்ட ‘பிரீமியம் ஐ.பி.’ சேவையை ஜேயான் வழங்கியது. அமெரிக்காவின் இன்டர்நெட்2 கூட்டமைப்பும் முயன்று பார்த்தது. ஆனால் 2002இல் இன்டர்நெட்2வைச் சேர்ந்த பென் டைட்டல்பாம், ஸ்டானிஸ்லாவ் ஷலுனோவ் இருவரும், அச்சேவை ஏன் பரவவில்லை, ஏன் இனியும் பெரும்பாலும் பரவாது என்று விளக்கி ஓர் அறிக்கை எழுதினர். வழியிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் தங்கள் கருவிகளை மாற்றினாலன்றிப் பயன் இல்லை. வாங்கிய தரம் உண்மையாகவே வந்ததா என்று வாங்கியவர் சோதிப்பது கடினம். சாதாரணச் சேவை நன்றாக இருக்கும்வரை சிறப்புச் சேவைக்கு எவரும் பணம் கொடுக்க மாட்டார்கள் என்பதால், சாதாரணச் சேவையைக் கெட்டுப்போக விடும் தூண்டுதல் விற்பவருக்கு உண்டாகும் என்பன அவர்களின் வாதத்தின் சாரம். இவற்றுள் கடைசிக் காரணம் அறம் சார்ந்தது. பொதுப்பணத்தில் நடக்கும் பிணையம் அந்தத் தூண்டுதலுக்கு இடம் கொடுக்காதது நல்லதே. ஆய்வுப் பிணையங்கள் பெரும்பாலும் தேர்ந்த வழி, தேவைக்கு மேல் கொள்ளளவை வைத்து, எல்லாப் பொதிகளையும் இழப்பின்றிக் கடத்துவது.

அதன் பலன் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. கிரிட்டை வடிவமைத்தபோது பிணையம்தான் பலவீனமான கண்ணியாக இருக்கும் என்று அஞ்சியே தரவு அடுக்கடுக்காக இறங்கும் கட்டுப்பாடான அமைப்பு வகுக்கப்பட்டது. 2010இல் மோதுவி உயர் ஆற்றலில் இயங்கத் தொடங்கிய பின், பிணையம் நன்றாகத் தாக்குப்பிடிப்பதைக் கண்டு, எந்த மையமும் எந்த மையத்திடமிருந்தும் தரவைப் பெறலாம் என்று அமைப்பு தளர்ந்தது. இரண்டாம் அடுக்கு மையங்களுக்கிடையேயான போக்குவரத்துக்காக எல்.எச்.சி.ஒன் என்னும் பொதுப் பிணையம் உருவானது. போக்குவரத்தின் வடிவம் இவ்வாறு மாறிய பிறகும், 2005இன் அட்டவணை கண்முன் வைத்திருந்தது செர்னிலிருந்து கதிர்போல் விரியும் தடங்களையே. எல்லோரும் எல்லோரோடும் பேசும் பிணையத்தில் எந்த இரு முனைகளுக்கிடையே தரம் காக்கப்பட வேண்டும் என்று சொல்ல அதில் வரி இல்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது அளவைதான். ஈஎஸ்நெட், ஜேயான், இன்டர்நெட்2, இண்டியானா பல்கலைக்கழகம் முதலியவை சேர்ந்து உருவாக்கிய பெர்ஃப்சோனார் என்னும் திறந்த மென்பொருள், ஓவாம்ப் கருவியையும் வேகச் சோதனைகளையும் ஒன்றாகக் கட்டித் தருகிறது. கிரிட்டின் மையங்களில் இதற்கென்றே கணினிகள் நிறுவப்பட்டு, மையங்கள் ஒன்றையொன்று நாள் முழுதும் அளக்கின்றன. முடிவுகள் எல்லோருக்கும் தெரியும். ஐந்து நிர்வாகங்களும் ‘எங்கள் பக்கத்தில் பழுதில்லை’ என்று மறுமொழி எழுதும் நிலையில், இழப்பு எந்த இரண்டு அளவைப்புள்ளிகளுக்கிடையே தொடங்குகிறது என்று காட்டும் ஒரு வரைபடம் வாதத்தை முடித்துவிடுகிறது. நல்லெண்ணப் பத்திரமா என்று தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு இங்கே விடை உள்ளது: அபராதம் இல்லாத இடத்தில் அளவையே அதிகாரம். ஆகவே ஆய்வுக் கிரிட்டின் ஒப்பந்தம் முதலில் எழுத வேண்டியது எங்கே, எதை, எவ்வளவு நுட்பமாக அளப்பது, அளந்ததை யாரெல்லாம் பார்க்கலாம் என்பதையே. தர எண்கள் அதற்கு அடுத்துத்தான்.

அந்தத் தர எண்களில்தான் இன்னும் அடைபடாத இடைவெளி உள்ளது. ஜெனீவாவிலிருந்து லியோன் நூறு கி.மீ.க்குச் சற்று அதிகம். தைபே சுமார் 9,800 கி.மீ. இரண்டுக்கும் அட்டவணையில் ஒரே வரி. முன்சொன்ன 22,000இல் ஒன்று என்ற இழப்பை இரண்டு தடங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். போய்வர ஒரு மில்லிவிநாடி ஆகும் தடத்தில் ஒற்றை ஓடை விநாடிக்கு ஏறத்தாழ 1.7 கிகாபிட்டை எட்டும். ஒரு டெராபைட் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேரும். 100 மில்லிவிநாடித் தடத்தில் அது 17 மெகாபிட். அதே கோப்புக்கு ஐந்து நாட்களுக்கு மேல். சூத்திரத்தில் இழப்பு வர்க்கமூலமாக வருவதால், பத்து மடங்கு தொலைவில் உள்ள மையத்துக்கு அதே வேகம் கிடைக்க வேண்டுமானால் இழப்பு நூறில் ஒரு பங்காகக் குறைந்தாக வேண்டும். எல்லோருக்கும் ஒரே இழப்பு வரம்பு என்று எழுதுவது பார்வைக்குச் சமநீதி போலத் தோன்றும். விளைவில் அது, மதகின் உயரத்தை மட்டும் அளந்துவிட்டுக் கடைமடைக்கும் தண்ணீர் சமமாகப் பாய்ந்ததாகக் கணக்கெழுதுவதுதான். இழப்பு வரம்பு தொலைவோடு இறுக வேண்டும். ஒப்பந்தம் வாக்களிக்க வேண்டியது இழப்பின் எண்ணை அன்று, அந்த மையத்துக்குக் கிடைக்கும் கடத்து வேகத்தை.

இது இந்தியாவுக்கு நேரடியாகப் பொருந்துவது. மோதுவியில் நடக்கும் பரிசோதனைகளுள் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சி.எம்.எஸ். பரிசோதனைக்கும், கொல்கத்தாவின் மாறுபடு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் ஆலிஸ் பரிசோதனைக்கும் இரண்டாம் அடுக்கு மையங்களை நடத்துகின்றன. மத்திய அரசு 2010இல் ஒப்புதல் அளித்த தேசிய அறிவுப் பிணையம் நாட்டுக்குள் உயர்வேகத் தடங்களைத் தந்துள்ளது. ஆயினும் ஜெனீவாவிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 6,700 கி.மீ.; ஒளி போய்வரவே 67 மில்லிவிநாடி வேண்டும், கடலடிக் கேபிள்கள் வளைந்து செல்வதால் உண்மையில் அதைவிட அதிகம். மும்பையில் இருக்கும் இளம் ஆய்வாளரின் திறமையிலோ உழைப்பிலோ குறை எதுவும் இல்லாமலே, வழியில் எங்கோ உள்ள ஒரு லைன் கார்டின் சிறு பழுது அவரை ஐரோப்பிய சகாக்களுக்குப் பல நாட்கள் பின்னால் தள்ளிவிடக்கூடும்.

இறுதியாக நேரத்தைப் பற்றிய ஒரு விவரம். இரண்டாம் அடுக்கின் பயனர் பகுப்பாய்வுச் சேவைக்கான வரம்பு, வேலை நேரத்தில் 2 மணிக்குள் நடவடிக்கை, மற்ற நேரங்களில் 72 மணிக்குள் என்று இரண்டாகப் பிரிகிறது. தடத்தின் இரு முனைகளும் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருக்கையில் வேலை நேரம் என்பது யாருடையது? குளிர்காலத்தில் இந்தியக் கடிகாரம் ஜெனீவாவைவிட நான்கரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மும்பையில் காலை 9 மணிக்குக் கண்டறியப்படும் பழுதுக்கு, அதைத் தீர்க்க வேண்டிய பொறியாளர் ஜெனீவாவில் அலுவலகம் வரும்போது இங்கே பிற்பகல் 1.30, மாலை 5.30க்கு இங்கே வேலை நேரம் முடிந்தால், இருவரும் சேர்ந்து சோதித்துப் பார்க்கக் கிடைப்பது நான்கு மணி நேரமே. வெள்ளிக்கிழமை மாலை கண்டறிந்த பழுது திங்கட்கிழமைப் பிற்பகல்வரை காத்திருக்கும். 72 மணி நேரத்துக்குள் என்பதால் அதுவும் ஒப்பந்தத்துக்கு உட்பட்டதே. எனவே தொலைதூர மையங்களை இணைக்கும் ஒப்பந்தம், பழுதைக் கண்டறிந்த மையத்தின் வேலை நேரத்தையே கணக்கிட்டு, மறுமுனையில் அந்நேரத்துக்கு அழைப்பை எடுக்க வேண்டியவரின் பொறுப்பைப் பதவிப்பெயரோடு குறிப்பிட வேண்டும்.